வீரன் அழலாகாதா?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

"ஆண்பிள்ளை அழலாமா?" என்ற கேள்வியைக் கேளாமல் வளர்ந்த மாணவன் நம் கல்லூரியில் ஒருவனும் இருக்கமாட்டான். முழங்கால் சிராய்த்த அன்று அம்மா கேட்டாள். ஆண்டுத் தேர்வில் தோற்ற அன்று மாமா கேட்டார். பந்தயத்தில் தோற்றுத் திரும்பிய அன்று பேருந்தில் தோழர்கள் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அது ஒரு கேள்வி என்பதே நமக்கு மறந்து போயிற்று. எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை எதிர்த்து வழக்காடவும் உரிமை உண்டன்றோ? இந்த ஆண்டு மலரில் அந்த வழக்கை நான் தொடுக்கிறேன். என் பக்கத்துச் சாட்சி அயர்லாந்து நாட்டு விளையாட்டு வீரர் ஒருவர். பெயர் கானர் கியூசாக்.

இவரை நான் அறிந்த கதை சிறியது. மூன்றாண்டுகளாக நம் கல்லூரி வளைகோல் பந்து அணியில் பின்களத்தில் ஆடி வருகிறேன். கோல் பிடித்து ஆடும் ஆட்டம் எதுவாயினும் அதைப் பற்றிக் கையில் கிடைப்பதைப் படிப்பது என் வழக்கம். அப்படி அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றிப் படிக்கப் போனேன். ஆட்டத்தைத் தேடிப் போனவனுக்கு ஒரு மனிதர் கிடைத்தார். அவர் சொன்ன செய்தி என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

ஆட்டமும் ஊரும்

ஹர்லிங் நம்மில் பலருக்குப் புதிய பெயர். அணிக்குப் பதினைந்து பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய கோல். அடிப்பாகம் அகன்று தட்டையாக இருக்கும். ஐரிஷ் மொழியில் அதைக் கமான் என்பார்கள். பந்து ஏறக்குறையக் கிரிக்கெட் பந்தின் அளவுதான். எடை 110 முதல் 120 கிராம் வரை. நம் வளைகோல் ஆட்டத்தில் பந்து ஆபத்தாக உயர எழும்பினால் நடுவர் ஊதுவார். ஹர்லிங்கிலோ பந்து ஆகாயத்தில் பறப்பதே ஆட்டம். தலைக்கு மேல் வரும் பந்தைக் கையால் பற்றலாம். பற்ற எழும் கையைச் சுற்றிலும் கோல்கள் வீசிக்கொண்டிருக்கும். தலைக்கவசம் எல்லா நிலை ஆட்டக்காரர்க்கும் கட்டாயமானது 2010-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் வெறுந்தலையோடு ஆடியவர் பலர். அந்த ஆட்டத்தில் நிற்பவனைக் கோழை என்று எவரும் சொல்ல முடியாது. இதை நினைவில் வையுங்கள். என் வாதத்துக்கு இது வேண்டும்.

மிகப் பழைய ஆட்டம் இது. 1366-இல் இங்கிலாந்து ஆட்சியினர் கில்கென்னியில் இயற்றிய சட்டங்கள் இதைத் தடை செய்தன. தடையைத் தாண்டியும் ஆட்டம் பிழைத்தது. 1884 நவம்பர் 1 அன்று தர்லெஸ் நகரில் கேலிக் விளையாட்டுக் கழகம் தோன்றியது. 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹர்லிங்கை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த ஆட்டத்தில் என்னைக் கவர்ந்த செய்தி வேறொன்று. இதை ஆடுவோர்க்குச் சம்பளம் கிடையாது. டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் 82,300 பேர் அமரலாம். அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் அத்தனை பேர் முன்னிலையில் ஆடியவர், ஆட்டம் முடிந்தபின் பள்ளியில் பாடம் நடத்தவோ வயலைக் கவனிக்கவோ பட்டறையில் வேலை செய்யவோ திரும்பிப் போகிறார். பணம் கொடுத்து ஆளை வாங்கி அணி மாற்றும் வழக்கமும் இல்லை. பிறந்த ஊர்ச் சங்கத்துக்குத்தான் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் ஆடுகிறார்கள். ஞாயிறன்று தவறவிட்ட பந்தைப் பற்றித் திங்களன்று கடைக்காரர் கேட்பார்; கோயில் வாசலில் பாட்டி கேட்பாள். வீரனும் ஊரும் ஒரே வீட்டுக்காரர் போல. இதிலே பெருமையும் உண்டு, பாரமும் உண்டு.

கிளாய்ன் ஊர்ப் பிள்ளை

அயர்லாந்தின் தெற்கே கார்க் மாவட்டத்தில் கிளாய்ன் என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய வட்டக் கோபுரம் ஒன்று அவ்வூரின் அடையாளம். மற்றோர் அடையாளம் கிறிஸ்டி ரிங். 1920-இல் அவ்வூரில் பிறந்து, கார்க் அணிக்காக எட்டு முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்று, 1979-இல் மறைந்த ஹர்லிங் மாவீரர். அவருக்கு ஊரிலே சிலை வைத்திருக்கிறார்கள். சிலையாக நிற்கும் வீரனைப் பார்த்து வளரும் பையனுக்கு வீரம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அசையாமல் நிற்பதே வீரம் என்று அவன் தானாகவே முடிவு கட்டிவிடுவான்.

கானர் கியூசாக் அந்த ஊரில் வளர்ந்தவர். அண்ணன் டோனல் ஓக் கியூசாக் கார்க் அணியின் புகழ்பெற்ற இலக்குக் காப்பாளர். 1999, 2004, 2005 ஆகிய மூன்றாண்டுகளில் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர். தம்பியும் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் இளமையிலேயே அவருக்கு ஓர் இடி விழுந்தது. காரணம் தெரியாத பேரச்சம் திடீரெனத் தாக்கும், நெஞ்சு அடைக்கும். பின்னர் மனச்சோர்வு சூழ்ந்தது. வேலை போயிற்று. ஆட்டம் போயிற்று. மாதக் கணக்கில் தம் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். வாழ்வே வேண்டாம் என்று எண்ணும் எல்லை வரை சென்று, திரும்பி வந்தார்.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். மனச்சோர்வு என்றால் களைப்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம். தூங்கி எழுந்தால் களைப்புப் போகும். இஃது அப்படிப் போவதில்லை. பசி கெடும், தூக்கம் கெடும், விரும்பிய பொருளில் விருப்பம் போகும், தன்னைத்தானே வெறுக்கும் எண்ணம் வளரும். வாரக் கணக்கில் இது நீடித்தால் அதை நோய் என்று மருத்துவம் சொல்கிறது. காலொடிந்தவனை "எழுந்து ஓடு, சரியாகிவிடும்" என்று நாம் சொல்வதில்லை. மனம் ஒடிந்தவனிடம் மட்டும் நாள்தோறும் அதைத்தான் சொல்கிறோம்.

கியூசாக்கைத் தூக்கி நிறுத்தியது ஓர் உளவியலாளரோடு அமர்ந்து பேசிய பேச்சு. ஒரே நாளில் நடந்த அற்புதம் அன்று அது. நெடுநாள் பேசிப் பேசி, உள்ளே புதைந்து கிடந்த பழைய காயங்களை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்துப் பார்த்த உழைப்பு. அதன்பின் மீண்டும் கோலைக் கையில் எடுத்தார். ஊர்ச் சங்கத்துக்கு ஆடினார். கார்க் மாவட்ட அணிக்கும் ஆடினார். கிளாய்ன் சங்கம் 2004, 2005, 2006 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து மாவட்ட இறுதிப் போட்டிக்கு வந்தது, மூன்றிலும் தோற்றது. எனவே இது கோப்பையில் முடியும் கதை இல்லை. எனக்கு அதனால்தான் இக்கதையில் நம்பிக்கை பிறக்கிறது. வென்றதால் நலமடையவில்லை, நலமடைந்ததால் தோல்வியையும் தாங்கி மறுபடி களத்துக்கு வர முடிந்தது என்று நான் கொள்கிறேன்.

மௌனம் ஆண்ட நாடு

2013 அக்டோபரில் கியூசாக் தம் அனுபவத்தை ஒளிக்காமல் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். நாடு முழுவதும் அதைப் படித்தது. ஆர்.டி.ஈ. தொலைக்காட்சியிலும் தோன்றிப் பேசினார். பிறகு பள்ளிகள், சங்கங்கள், ஊர் மன்றங்கள் என்று சென்று இதையே பேசுபவரானார்.

ஒரு கட்டுரைக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்கலாம். அந்நாட்டின் வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1950-களில் அயர்லாந்தின் மனநோய் மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டிருந்தோர் 20,000-க்கும் மேற்பட்டவர்கள். நாட்டின் மக்கள்தொகையோ முப்பது இலட்சத்துக்கும் குறைவு. மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக அதிகம் அது. குடும்பத்தில் ஒருவரை அங்கே சேர்த்தால் அவர் பெயரையே பிறகு எடுக்கமாட்டார்கள். பெரிய மதிற்சுவர், அதற்கு வெளியே அதைவிடப் பெரிய மௌனம். தற்கொலை அங்கே 1993 வரை சட்டப்படி குற்றம். சாவின் விளிம்பிலிருந்து மீண்டவன் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் காவலரை நினைத்து நடுங்க வேண்டிய நிலை.

வரலாற்று மாணவனாக ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருந்தது. அது நம் நாட்டிலும் ஊன்றப்பட்டது. இங்கிலாந்து 1961-இல் அதைக் கைவிட்டது. நாம் 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நெடுங்காலம் சுமந்தோம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவரென்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அரசு அவருக்கு உதவ வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தப் பழைய பிரிவு இல்லை. ஏட்டில் இருந்த சட்டம் போயிற்று. நம் வாயில் இருக்கும் சட்டம், "ஆண்பிள்ளை அழலாமா" என்னும் சட்டம், அது என்றைக்குப் போகும்?

ஒரு கோல்வீரனின் சொல்

மருத்துவர்கள் துண்டறிக்கை அச்சிட்டதில்லையா? அறிஞர்கள் சொற்பொழிவு ஆற்றியதில்லையா? இருந்தும் கியூசாக் சொன்னது ஏன் உள்ளே இறங்கியது? என் கருத்து இதுதான்: அவர் ஊர்க்காரர். சம்பளம் வாங்கி ஆடியவரில்லை. விளம்பரத்தால் பெரியவர் ஆனவருமில்லை. தங்களோடு சேற்றில் நின்று ஆடியவர். அவருடைய துணிவில் எவருக்கும் ஐயம் கிடையாது. அப்படிப்பட்டவர் "நானும் முடங்கிக் கிடந்தேன்" என்று சொன்னபோது, அதுவரை தலைகுனிந்திருந்த எத்தனையோ இளைஞர்களுக்குத் தலை நிமிர ஓர் உரிமை கிடைத்தது.

அவர் தனி ஆளுமல்லர். அதே 2013-இல் காவன் மாவட்டக் கேலிக் கால்பந்து அணியின் இலக்குக் காப்பாளர் ஆலன் ஓமாராவும் தம் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அதற்கு முன்பே, 2009-இல், அண்ணன் டோனல் ஓக் தம் தன்வரலாற்று நூலில், தாம் ஆண்களையே விரும்பும் இயல்புடையவர் என்பதை மறைக்காமல் கூறியிருந்தார். கேலிக் ஆட்டங்களின் முன்னணி வீரர்களில் அதுவரை எவரும் அப்படிச் சொன்னதில்லை. உண்மையைச் சொன்ன பின்னும் அண்ணன் கார்க் அணியின் இலக்கைக் காத்து நின்றதைத் தம்பி பார்த்திருக்கிறார். ஒரு வாய் திறந்தால் அடுத்த வாய்க்குத் திறக்கும் துணிவு வரும் என்பது என் எண்ணம். இன்று அந்நாட்டு ஆட்டக்காரர் சங்கம் தன் உறுப்பினர்க்கு மறைபொருள் காக்கும் ஆலோசனைச் சேவையும் நடத்துகிறது.

இனி எதிர்வாதங்களையும் பார்ப்போம்.

"நோயை மேடையேற்றிப் புகழ் தேடுவதா?" என்பார்கள் சிலர். இந்த நோய் மறைவிலே வளரும் நோய். காசநோயை மறைத்த காலத்தில் அது பரவிற்று. வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியபின் மருந்து போய்ச் சேர்ந்தது. சொல்வது நோய்க்குப் பெருமை சேர்க்காது. மருந்துக்கு வழி திறக்கும்.

"மனச்சோர்வு எனக்குப் பகைவன் அன்று, நண்பன்" என்ற பொருளில் கியூசாக் எழுதியதைச் சிலர் தவறாகக் கொள்ளக்கூடும். வாழ்வில் ஏதோ ஒன்று சரியில்லை என்பதை அறிவிக்க வந்த தூதாக அவர் அதை, நலமடைந்தபின் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அது அவர் நடந்து கண்ட வழி. நோயின் நடுவில் தவிப்பவனிடம் போய் "இது உன் நண்பன்" என்று நாம் சொன்னால் அது கொடுமை. சிலருக்குப் பேச்சு உதவும். சிலருக்கு மாத்திரை உதவும். பலருக்கு இரண்டும் வேண்டும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

மூன்றாவது வாதம் என்னுடையதே. கியூசாக்கைப் போற்றுவோர்க்கு எதிரானது. கோலைச் சுழற்றித் துணிவை மெய்ப்பித்தவன் அழுதால் நாடு கைதட்டுகிறது. எதையும் மெய்ப்பிக்காத ஒரு சாதாரண மாணவன், தேர்வில் தோற்றவன், அணியில் இடம் கிடைக்காதவன் அழுதால்? வீரர்க்கு மட்டும் அழும் உரிமை கொடுத்தோமானால் பழைய சட்டத்தையே புது மையில் எழுதியவர் ஆவோம். "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று சொன்ன நம் முன்னோர், பதக்கம் வாங்கிய பிள்ளை மட்டும் அழலாம் என்று சொல்லவில்லை.

என் குற்றம்

இனி, முதலில் வாக்களித்தபடி என் கதைக்கு வருகிறேன். எழுதுவதற்கு அந்த நண்பனிடம் அனுமதி கேட்டேன். "பேர் வேண்டாம், விஷயம் இருக்கட்டும்" என்றான்.

சென்ற ஆண்டு எங்கள் அணியில் வலது ஓரத்தில் ஆடியவன் அவன். மண்டலப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது காலைப் பயிற்சிக்கு வருவது குறைந்தது. பிறகு அறவே நின்றது. வகுப்புக்கும் வருவதில்லை; விடுதி அறையில் பகலெல்லாம் போர்வைக்குள் கிடப்பான். "இடம் கெடச்ச திமிர்" என்றேன் நான். அணித்தலைவன் பட்டியலில் அவன் பெயரை அடித்தபோது, அடிக்கச் சொன்ன குரல்களில் என் குரலும் ஒன்று. சில நாளில் அவனுடைய அக்கா வந்து பெட்டியோடு அழைத்துப் போனார். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டினார்கள். ஒரு பருவம் முழுவதும் கல்லூரிக்கு வரவில்லை. இப்போது வந்திருக்கிறான். மருந்து தொடர்கிறது. சிரிக்கிறான்.

கியூசாக்கைப் பற்றிப் படித்த பிறகு ஒரு மாலை மைதானத்துப் படிக்கட்டில் அவனருகே அமர்ந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"சொல்லத்தான்டா வந்தேன்" என்றான். "நீ ஸ்டிக்குக்கு டேப் சுத்திக்கிட்டு இருந்த. 'என்னடா, நல்லா இருக்கியா'ன்னு கேட்ட. 'இருக்கேன்'னேன். நீ நிமிந்து பாக்கல."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "வாய் திறந்து பேசுங்கள்" என்று துன்பப்படுவோர்க்கு அறிவுரை கூறுவது எளிது. அவர்கள் திறக்க வரும்போது நாம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? கியூசாக்கின் கதையில் எல்லோரும் பேசியவரைப் போற்றுகிறார்கள். எதிரே அமர்ந்து மாதக் கணக்கில் கேட்ட மனிதரையும் சேர்த்துப் போற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் வேண்டுவன

நண்பர்களிடம் இரண்டு, பேராசிரியப் பெருமக்களிடம் ஒன்று வேண்டுகிறேன்.

நண்பர்களே, "நல்லா இருக்கியா" என்று கேட்டு "இருக்கேன்" என்ற விடை வந்தபின், இரண்டாவது கேள்வி ஒன்றையும் கேளுங்கள். முதல் கேள்வி வழக்கத்துக்குக் கேட்பது. இரண்டாவதுதான் நட்புக்குக் கேட்பது. அவன் சொல்லத் தொடங்கினால் குறுக்கே அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். வாழ்வை வெறுத்துப் பேசினால் அதை நகைப்பாக எண்ணாதீர்கள், தனியே விடாதீர்கள், உடனே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இரண்டாவது, வராதவன் பெயரை அடிப்பதற்கு முன் அவன் அறைக்கு ஒரு முறை போய் வாருங்கள். நூறடி தூரம்தான். நான் நடக்காத நூறடி அது.

பேராசிரியப் பெருமக்களே, வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் சுழியங்கள் எல்லாம் சோம்பலின் கணக்கு ஆகா. அவற்றில் சில, உதவி கேட்டு எழுதிய கடிதங்கள். பருவத்துக்கு ஒரு நாள் மனநல மருத்துவர் ஒருவரை நம் கல்லூரிக்கு அழைத்தால், உடற்கல்விக்கு மைதானம் இருப்பது போல மனநலத்துக்கும் ஓர் அறை ஒதுக்கினால், அதனால் பயன்பெறும் மாணவன் யார் என்று நமக்குத் தெரியாமலே போகலாம். தெரிய வேண்டியதும் இல்லை.

இந்த ஆண்டு அணிப் பட்டியல் ஒட்டியாயிற்று. வலது ஓரத்துக்கு நேரே அவன் பெயர் இருக்கிறது. முழு ஆட்டம் ஆட இன்னும் வலுவில்லை. கடைசிப் பத்து நிமிடம் ஆடுவதாகச் சொல்லியிருக்கிறான். பத்து நிமிடம் போதும் என்று அணித்தலைவன் சொல்லிவிட்டான்.

வீரன் அழலாகாதா? அழலாம். வீரனல்லாதவனும் அழலாம். பக்கத்தில் இருப்பவன் கைவேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும்.